அலகு எடுக்கும்போது அடிக்கும் தாளம்

என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ‘டேய் குரங்கு’ என்றே கூப்பிட்ட என் குணா அண்ணனுக்கு,

ஜன்னலோரக் கட்டில் இப்போது எனக்குத்தான். இத்தனை வருஷம் சண்டை போட்டது இதற்குத்தானா? ஒருநாள்கூட அதில் தூங்க முடியவில்லை, மறுபடி என் பக்கமே வந்துவிட்டேன். ஹாலுக்குப் புதிதாக வெள்ளை அடித்துவிட்டார்கள். உன் டெலிவரி சைக்கிளின் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வெடித்ததே, அந்த மூலையில் அம்மா இன்னும் எதையும் வைக்கவில்லை. பெருக்கும்போதுகூட அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தத் தீக்காய வார்டுக்குள் ஒருமுறை போய் வர வேண்டும். வருகிறாயா?

கட்டு மாற்றும் நாள் என்றால் முந்தின ராத்திரியே உனக்குத் தூக்கம் போய்விடும். வலிக்கு மருந்து கொடுத்தும்தான். நான் கவுனும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு வந்து நிற்பேன். “அண்ணே, அவங்க கட்டு மாத்தி முடிக்கிற வரைக்கும் நான் கட்டுக்கதை சொல்லட்டா?” முதலில் நீயும் பதிலுக்கு விட்டாய். “உறுமிக்குத் தோல் மாத்துற மாதிரி மாத்துறாங்கடா. நல்லா இழுத்துக் கட்டச் சொல்லு லா, சத்தம் கணீர்னு வரும்.” நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. நாம் ஏன் சிரிக்கிறோம் என்று புரியாமல் பார்த்தார்.

அப்புறம் நீ ஜோக் அடிப்பதை நிறுத்தினாய். கட்டு மாற்றும் தள்ளுவண்டியின் சத்தம் கேட்டாலே “வேணாம், இன்னைக்கு வேணாம்” என்று கெஞ்ச ஆரம்பித்தாய். நீ யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை.

அப்போதுதான் வெய்லிங் கிட்டாரோடு வந்தார். இசை சிகிச்சை செய்பவர். மருந்துக்கு அடங்காத வலியையும் பயத்தையும் பாட்டாலும் தாளத்தாலும் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பது அவருடைய வேலை. உனக்கு என்ன இசை பிடிக்கும் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “உறுமி மேளம், மிஸ். மத்ததெல்லாம் இவருக்கு வெறும் சத்தம்.”

நம் மேளக் குழுவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். மேளம் ஏற ஏற, காவடி எடுப்பவருக்கு அலகு குத்தியது தெரியாது. தைப்பூசத்தன்று வழியில் அடிக்க விடும் இடத்திலெல்லாம் உன் உறுமி உறுமும், என் தவில் விரட்டும். அதே தாளத்தை அன்று ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துப் போட்டு அடித்தேன். உன் மூச்சும் கூடவே ஓடியது. ஓடி ஓடி இரைத்தது. மானிட்டர் கத்த ஆரம்பித்தது.

“நிறுத்துடா! டேய், கொல்றியே!”

நர்ஸ் கையை எடுத்துவிட்டார். பாதி பிரித்த கட்டோடு நீ கிடந்தாய். என் கையைத் தூக்கி எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வெய்லிங் திட்டவில்லை, இங்கிலீஷில் பொறுமையாகச் சொன்னார். “முதல்ல அவர் மூச்சு எவ்வளவு வேகமா போகுதோ, அந்த வேகத்துல போய்ச் சேரு. அப்புறம் மெதுவா இறக்கு. மூச்சு பின்னாடியே வரும். வரலைன்னா திரும்பிப் போய்க் கூட்டிட்டு வா.”

நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய். “குத்தும்போது அடிக்கிறதை அடிக்கிற. எடுக்கும்போது அடிக்கிறதை அடிடா, குரங்கு.”

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஊர்வலம் முடியும் டேங்க் ரோட்டுக் கோயிலில் காவடியை இறக்கி அலகு எடுக்கும் நேரத்தில் நான் என்றைக்கு அங்கே நின்றிருக்கிறேன்? பாண்டுங் ரோஸ்பால் குடிக்க ஓடியிருப்பேன். நீ மட்டும் களைத்துப்போன ஆளின் பக்கத்தில் குந்தி, அவர் முதுகில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருப்பாயாம். மேளம் இல்லாமல், யாருக்கும் கேட்காமல். அன்று உன் ஒற்றை விரல் படுக்கை விரிப்பில் அசைந்தது. அதைப் பார்த்துப் பார்த்து நான் பேசினில் தட்டினேன். வெய்லிங்கின் கிட்டாரும் மெல்லச் சேர்ந்துகொண்டது.

வலி போய்விடவில்லை. உன்னிடம் எதற்குப் பொய்? பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாய். ஆனால் கெஞ்சவில்லை. கட்டு முழுசாக மாறியது. அதற்கப்புறம் வண்டி வந்தால் நீ என்னைத்தான் தேடினாய்.

பிறகு கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. தொண்டையில் குழாய் வைத்தார்கள். கட்டு இல்லாமல் இருந்த இடம் உன் இடது பாதம் ஒன்றுதான். கடைசி நாள் மத்தியானம் அதில் தட்டினேன். முதலில் உன் வேகத்துக்குப் போனேன். பிறகு இறக்கிப் பார்த்தேன். நீ வரவில்லை. மூச்சு விட்டது மெஷின், அதற்கு என் தாளம் கேட்குமா? நானே அதன் வேகத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கேட்க வந்தது இதுதான். போன வாரம் வெய்லிங் அம்மாவுக்குப் போன் செய்தார். அதே வார்டில் ஒரு தமிழ்நாட்டு அண்ணன், இங்கே வேலைக்கு வந்தவர். பெயர் சொல்ல மாட்டார்கள். அவருக்கு இங்கே யாரும் இல்லை. கிட்டாரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். போனில் உறுமி மேளத்தைக் காட்டியதும் திரும்பிப் பார்த்தாராம். “அவரும் சம்மதிச்சிட்டார். கதிர் வருவானா? முடியலைன்னா பதிவு பண்ணி அனுப்பினாலும் போதும்.”

பதிவு பண்ணினேன், அண்ணே. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பேசினைக் கவிழ்த்து, திரும்பத் திரும்பப் பதிவு பண்ணினேன். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் அவர் மூச்சு தவறினால் என் போன் திரும்பிப் போய்க் கூட்டிவருமா? அதற்கு வாய் இருக்கிறது, காது எங்கே இருக்கிறது?

அந்த லிஃப்ட் கதவு திறந்தால் வரும் மருந்து வாசனைக்குள் நான் மறுபடி போகட்டுமா, அண்ணே? நான் போனால் அவர் பிழைத்துவிடுவாரா? நீ பிழைக்கவில்லையே.

ஆனாலும் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தவில் வீட்டிலேயே இருக்கும், இரண்டு விரல் போதும். அவர் மூச்சு எங்கே ஓடுகிறதோ அங்கே போய் நிற்பேன். மெதுவாக இறக்குவேன். பின்னால் வரவில்லை என்றால் திரும்பிப் போவேன், எத்தனை தடவை என்றாலும். கட்டு மாற்றி முடியும்வரை பாண்டுங் குடிக்க ஓட மாட்டேன். சத்தியம்.

எல்லாரும் பெயர் சொல்லியே கூப்பிடுகிற,
உன் குரங்குத் தம்பி
கதிர்