மடக்கிய கை நுழையும் இடம்

என் உயிர் மாமாவுக்கு,

இன்றைக்கு உன் மீன் லோடு வண்டியின் பின்பக்கத்தை இறக்கிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடியில் படுத்துக் கிடந்து தூக்கிவைத்தாயே, அதைத்தான். கோபப்படுகிறாயா? படு. எனக்கு அதைவிட அதிகமாக இருக்கிறது.

நம் கதிர்காமத்து வீட்டு வாசலில் முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி போட்டு, அச்சுக்கும் எடை தாங்கும் பட்டைக்கும் நடுவே அந்த இரும்புக் கட்டைகளைச் சொருகினாய். நீளமான யூ போல்ட் போட்டு இறுக்கியபோது, ஸ்பேனரில் பைப்பை மாட்டி உன்னோடு சேர்ந்து இழுத்தவள் நான். "இனிமே என்னா ஏத்துனாலும் வண்டி குந்தாதுடி" என்றாய். நிமிர்ந்து நின்ற வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய். பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை.

யோசனை உன்னுடையது இல்லை, மீன் முதலாளியுடையது. "பின்னாடி குந்திக்கினு போனா பாக்குற போலீஸ்காரன்லாம் புடிப்பான். தூக்கிடு" என்று சொன்னவர் அவர்தான். வண்டியின் உயரம்தான் கூடியது, பலம் கூடவில்லை என்று உனக்குத் தெரியாதா? பட்டை அதே பழைய பட்டைதானே மாமா?

உனக்கு ஒரு வழக்கம். பெட்டி ஏற்றி முடித்ததும் பின்சக்கரத்துக்கும் மேலே இருக்கும் தகரத்துக்கும் நடுவில் கையை மடக்கி விட்டுப் பார்ப்பாய். கை நுழைந்தால் கிளம்புவாய். நுழையாவிட்டால் எந்த முதலாளி கத்தினாலும் இரண்டு பெட்டி கீழே இறங்கும். அத்தனை வருடம் உன்னைக் காப்பாற்றிய கை அது. கட்டை வைத்த பிறகு எவ்வளவு ஏற்றினாலும் கை நுழையும் என்று யோசிக்காமல் அதையே நம்பினாய்.

கடைசி நாளன்று கனகசெட்டிக்குளத்தில் உனக்குப் பெட்டி ஏற்றிய குமார் உன் காரியத்துக்கு வந்திருந்தான். "அண்ணன் கை வுட்டுப் பாத்துச்சுக்கா. நல்லா பூந்துச்சு. இன்னும் ரெண்டு பொட்டி ஏத்துடான்னு சிரிச்சிச்சு" என்றான். வளைவில் வண்டி சாய்ந்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாயா? கோரிமேட்டு ஆஸ்பத்திரி பிணவறையில் உன்னை வாங்கும்போது என்னால் உன் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அதனால் கேட்கிறேன்.

முதலாளி தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார். அதில் உன் படத்தைவிட அவர் படம் பெரியது. பேனரின் சாயம் வெளுப்பதற்குள், வண்டி எப்போது தயாராகும் என்று கேட்டு ஆள் அனுப்பினார்.

இனி வண்டியை ஓட்டப் போவது என் தம்பி சேகர். அவன் பெண்டாட்டிக்கு இது ஏழாம் மாதம். பட்டறையில் தகரத்தையெல்லாம் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்கள். அத்தனையும் நசுங்கிய வண்டியில் அந்தக் கட்டைகளுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. நன்றாக இருப்பதைக் கழற்றுவானேன் என்று அப்படியே விட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யக்கா, இது இருந்தாதான் அவரு லோடு குடுப்பாரு" என்றான் சேகர்.

"குடுக்க வேணாம். வேற லோடு பாரு. இல்லன்னா சாவிய மறந்துடு."

முனகிக்கொண்டே ஜாக்கி போட்டான். கட்டைகளை உருவிவிட்டு, புதிதாக வாங்கிய சின்ன யூ போல்ட்டை மாட்டினான். இந்த முறையும் பைப்பைப் பிடித்து இழுத்தது நான்தான். சாயங்காலம் முதலாளியே வந்து நின்றார்.

"என்னாம்மா, வண்டி குந்திக்கினு இருக்குது?"

"குந்தட்டும் சார். நிமுந்துக்கினு இருந்தப்பதான் கவுந்துச்சு."

அவர் உட்காராமலே கிளம்பிவிட்டார்.

லோடு ஏற்றும் இடத்துக்கெல்லாம் இனி நானும் போவேன் மாமா. ஆனால் என் கை சின்னது, சுலபமாக நுழைந்துவிடும். அதை நம்பமாட்டேன். உன் வாசனை போய்விடும் என்று துவைக்காமல் வைத்திருக்கிறேனே உன் சிவப்புத் துண்டு, அதைச் சுற்றினால் உன் கை அளவு வருகிறது. துண்டில் கிரீஸ் படும், வாசனையும் போகும். போகட்டும். துண்டு சுற்றிய கை உள்ளே நுழையாமல் என் தம்பியை வண்டியில் ஏறவிடமாட்டேன். இது சத்தியம்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போன உனக்கு,
இன்னும் பெண்டாட்டியாகவே இருக்கும்
செல்வி