நாளைக் காலை ஆலை வாசலில்

1966 அக்டோபர், புதன் இரவு. திருப்பாதிரிப்புலியூர்.

நான் மேஸ்திரியாக இருக்கும் எண்ணெய் ஆலையில் நாளை முதல் வேலைநிறுத்தம். என் மகன் அந்தோணியும் அங்கேதான் வேலை செய்கிறான். வெளியாட்களை வைத்து ஆலையை ஓட்டும்படி முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார். சாப்பிடும்போது அதைச் சொன்னேன். அந்தோணி கையை உதறிவிட்டு எழுந்தான்.

“அரிசி வெல ஏறிக்கிட்டே போவுது, கூலி மட்டும் ஏறலியே. நாங்க என்னா பிச்சையா கேக்குறோம்?”

“ஒழுங்கா வேல செஞ்சா கூலி தானா ஏறும்டா. நான் அப்படித்தான் மேஸ்திரி ஆனேன்.”

“உங்க காலம் வேறப்பா. நாளைக்கி வாசல்ல குறுக்க படுக்கப் போறோம். மொத ஆளு நான்தான். என்னத் தாண்டித்தான் நீங்க உள்ள போவணும்.”

சொன்னதைச் செய்கிற பிள்ளை. போலீசும் வரும் என்கிறார்கள். நான் போகாவிட்டால் என் வேலை போய்விடும். அப்புறம் வீட்டில் யாருக்கும் சம்பளம் இருக்காது. படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

நாங்கள் சண்டை போட்டபோது வாயே திறக்காத என் மனைவி மேரி, நான் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் ஒரே சட்டையைச் சற்றுமுன் வாளித் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டாள். இப்போதே பிழிந்து உலர்த்தினால் காலைக்குள் ஓரளவு காய்ந்துவிடும். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.