மூன்று படிகள் இருந்த இடத்தில்

ஒக்டோபர் 27, திங்கள்

விடியலிலிருந்து மழை. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பத்து மணிக்கு அந்தோனி பாஸ் வந்தார், குடையோடு. தலவிலப் பக்கத்து மேசன், கணவரின் தம்பி நஸார் ஏற்பாடு. வாசற்படி மூன்றையும் குனிந்து பார்த்துச் சுத்தியலால் தட்டினார். நடுப்படியின் விளிம்பு ஒரு துண்டாக அவர் கையோடு வந்தது. பூசி மறைக்க முடியாதாம். முழுவதும் உடைக்க வேண்டுமாம்.

தேவை: சீமெந்து, ஆற்று மணல், முக்கால் அங்குலக் கல், கம்பி. தேயிலையும் முடிந்துவிட்டது.

என் கணவர் ரபீக் ஆஸ்பத்திரியில் இன்று முப்பத்தைந்தாம் நாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

வேறு எவரிடமும் சொல்ல முடியாததால் இதில் எழுதுகிறேன். மகள் ஷிபாவைப் பெண் பார்க்க வந்த அன்று, உடைந்த நடுப்படி அசிங்கமாகத் தெரியக்கூடாதென்று அதன்மேல் ஒரு பலகையைப் போட்டது நான். வந்தவர்கள் போன பிறகு எடுக்கவில்லை. மறுநாள் அஸர் தொழுதுவிட்டு வந்த ரபீக் அதில் காலை வைத்தார். பலகை புரண்டது. மல்லாக்க விழுந்தார், முதுகு கீழ்ப்படியின் முனையில். அக்கம்பக்கம் ஓடி வருமுன் பலகையை எடுத்து வீட்டுக்குப் பின்னால் போட்டேன். மூன்றாம் நாள் அடுப்பில் வைத்தேன்.

படி உடைந்து விழுந்தார் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும்.

ஒக்டோபர் 28, செவ்வாய்

மப்பு. மழை இல்லை. ஏழு மணி பஸ்ஸில் புத்தளம், நானும் ஷிபாவும். வழி முழுக்க நின்றபடி.

டொக்டர் ஷிபாவிடம் சிங்களத்தில் கதைத்தார். எனக்குப் பாதி விளங்கியது. மீதியை அவள் வெளியே வந்து சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல். "வாப்பா இனி நடக்க மாட்டாராம் உம்மா. சில்லுக் கதிரைதானாம்."

அதை அவரிடம் யார் சொல்வது? நீங்க சொல்லுங்க என்றாள். நீ சொல்லு என்றேன். இரண்டு பேரும் சொல்லவில்லை.

ர. இரண்டு வாய் கஞ்சி. தாடி வளர்ந்துவிட்டது, பாதிக்கு மேல் வெள்ளை. படி வேலையைப் பற்றித்தான் கேட்டார்.

"பழைய மாதிரி மூணு படி போதும். உயரத்த மட்டும் கொறச்சிக் கட்டச் சொல்லு. முதல்ல எனக்குக் காலத் தூக்கக் கஷ்டமா இரிக்கும்."

ஓம் என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை.

ஒக்டோபர் 30, வியாழன்

வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது.

பாஸ் அளவெடுத்தார். பிறகு தயங்கித் தயங்கி, படியா சரிவா என்று கேட்டார். வீட்டுக்காரர் கதிரையில் வருவதாகக் கேள்விப்பட்டாராம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், நம் வாசல் ஒன்றேகால் அடி, ஆகவே பதினைந்து அடி என்றார். முருங்கையைத் தறிக்க வேண்டி வரும். சரிவு கட்டினால் படிக்கு இடம் காணாது.

ர.வின் தம்பி நஸாருக்குப் பிடிக்கவில்லை. நாநா கேட்டது படி, அவர் வந்து சரிவைக் கண்டால் நெஞ்சு விட்டுப் போய்விடும் என்றார். ஷிபா உள்ளே இருந்தபடி, படி கட்டினால் வாப்பாவை ஒவ்வொரு நாளும் யார் தூக்குவது, சாச்சா வருவாரா என்று கேட்டாள். நஸார் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

பாஸ் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரிவு என்றேன்.

மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் ஒரு போன் இல்லை.

நவம்பர் 1, சனி

உடைத்தார்கள். காலை எட்டிலிருந்து நடுப்பகல் லுஹர் தொழுகை வரை. தூசி சோற்றுப் பானை வரை.

படிக்குள்ளே சிப்பி, ஊரி. அந்தக் காலத்தில் கடற்கரை மணலையே அள்ளிக் கட்டியிருக்கிறார்கள். உப்பு கம்பியைத் தின்றுவிட்டது. பாஸ் ஒரு கம்பியை எடுத்து விரலால் நசுக்கிக் காட்டினார், சிவப்புத் தூளாகக் கொட்டியது.

"நீங்க முந்தியே திருத்தியிருந்தாலும் இது நிண்டிருக்காது அக்கா. எண்டைக்கோ ஒருநாள் ஆரையோ விழுத்தித்தான் இருக்கும்."

ஆறுதலுக்குச் சொன்னார். பலகையைப் பற்றி அவருக்குத் தெரியாது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

நவம்பர் 3, திங்கள்

கொங்கிரீட் போட்டாகிவிட்டது. முருங்கை போனது. இரண்டு மணிக்கு மழை பிடித்தது. தரப்பாள் போதாமல் கட்டில் விரிப்பையும் எடுத்து மூடினோம். ஓர் ஓரம் அரித்துவிட்டது, நாளை பூசித் தருகிறாராம்.

இன்று ஆஸ்பத்திரிக்கு ஷிபா மட்டும் போனாள். படி எப்படி வந்திருக்கிறது என்று ர. கேட்டாராம். நல்லா வந்திருக்கு என்று சொன்னாளாம். என்னிடம் சொல்லிவிட்டு அழுதாள்.

நவம்பர் 10, திங்கள்

ர.வை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வானில் முன் சீட்டைச் சாய்த்துப் படுக்க வைத்து. மதுரங்குளி தாண்டி ஒருமுறை வாந்தி.

வாசலில் வான் நின்றது. கதவைத் திறந்ததும் அவர் கண் முதலில் போனது அங்கேதான். புதுச் சீமெந்து, சாம்பல் நிறம், தெருப்பக்கம் வரை நீண்டு. நஸார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது ஆரு சொல்லிக் கட்டின?"

"நான்தான்."

அவ்வளவுதான். நஸாரும் வான் டிரைவரும் கதிரையில் வைத்துத் தள்ளினார்கள். கதிரை சுலபமாக ஏறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றார்.

நவம்பர் 12, புதன்

காற்று. இரண்டு நாளாக ஒரு வார்த்தை இல்லை. தண்ணி வேண்டுமா என்றால் தலையை அசைக்கிறார். உடம்பு துடைக்கும்போது சுவரைப் பார்க்கிறார். முதுகில் புண் ஆரம்பிக்கிறது. பஞ்சு, களிம்பு வாங்க.

ஷிபா கடைக்குப் போன நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். டொக்டர் சொன்னதை முதலில்.

"அந்தச் சரிவக் கண்டதும் விளங்கிட்டு" என்றார்.

பிறகு பலகையைச் சொன்னேன். போட்டது நான், எடுக்காமல் விட்டது நான் என்று. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். நான் விழுந்து கிடக்கன். நீ ஓடி வந்தே. என்னத் தொட முந்திப் பலகயத் தூக்கிட்டுப் பின்னுக்குப் போனே. திரும்பி வாறியா எண்டு பாத்துக்கிட்டுக் கிடந்தேன்."

இத்தனை நாளும் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

"ஆருக்கிட்டச் சொல்ற? எனக்கு நீதானே இரிக்கிற."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

மப்பு. புண்ணுக்கு மருந்து வைத்தேன். நேற்றைவிடப் பெரிது.

ஜும்ஆவுக்குக் கூட்டிப் போக நஸார் வெள்ளைச் சாரனோடு வந்தார். ர. மாட்டேன் என்றார். எல்லாரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். நஸார் தனியே போனார்.

தெருவில் ஆண் ஆள் ஒன்றுமில்லை. பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் தொடங்கியதும் என்னைக் கூப்பிட்டார். புதன்கிழமைக்குப் பிறகு என்னோடு முதல் பேச்சு.

"இறக்கு. கொஞ்சம் வெளிய இரிப்பம்."

ஷிபா குளித்துக்கொண்டிருந்தாள். நான் தனியே. பின்பக்கமாக, ஒவ்வொரு அடியாக இறக்கினேன். கதிரையின் பாரம் முழுக்க என் நெஞ்சில். கீழே வந்து தெருவோரம் நிறுத்தினேன். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒரு பூனை. மூடிய கடை. கொஞ்ச நேரம்தான்.

"குத்பா முடியுது. சனம் வர முந்தி ஏத்து."

முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது. கதிரை என்னைப் பின்னால் தள்ளியது. இரண்டாம் தடவை அவரும் சில்லைப் பிடித்துத் தள்ளினார், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் உள்ளங்கை உரிந்துவிட்டது. மேலே வந்து சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு இளைத்தது.

தொழுகை முடிந்து ஆட்கள் கதைத்துக்கொண்டு வரும் சத்தம். கதவைச் சாத்து என்றார். சாத்தினேன்.