அக்காவின் மூக்கு

ஜூன் 4

என் செல்ல வாண்டுக்கு,

நீயும் வயிற்றுக்குள் உதைக்கும் ஆசாமியும் சுகம்தானே? பிரசவத்துக்கு என்னால் வர முடியாது. திட்டாதே, முழுதும் படி. எங்கள் பச்சைக்குழந்தை வார்டில் ஒரு கிருமி புகுந்துவிட்டது. வழக்கமான மருந்துகளுக்கு மசியவில்லை. நர்ஸ்கள் எங்கள் எல்லார் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதித்தார்கள். என் மூக்கில் இருக்கிறது. எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆனால் நான் தூக்கும் குழந்தைக்குத் தொற்றிவிடும். களிம்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாப்பாவுக்குத் தைத்த சட்டை கொடியில் தொங்குகிறது. பார்த்தால் அழுகை வருகிறது.

அக்கா

ஜூன் 9

அக்கா,

அம்மா போனபிறகு எனக்குத் தலை பின்னிவிட்டவள், இப்போது மூக்கைச் சாக்குச் சொல்கிறாய். மாமனார் கால் புண்ணோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாரே, நாங்கள் ஒதுங்கினோமா? எல்லாரும் ஒரே துண்டில்தான் கை துடைக்கிறோம். அவர் தங்கமான மனுஷர். மாத்திரையைக்கூட முழுசாகச் சாப்பிடாமல், "எனக்குத் தேவலைம்மா, யாருக்காவது உதவும்" என்று மீதியை டப்பாவில் போடுகிறார். என் வீட்டுக்காரர் கழுத்தில் கட்டி வந்தபோது அதைத்தான் கொடுத்தேன். அடங்கவில்லை, அது வேறு கதை. நீ வராவிட்டால் பேசமாட்டேன், போ.

வாண்டு

ஜூன் 12

வாண்டு,

பேசாதே. ஆனால் ஒரே துண்டில் கிருமி எல்லாருக்கும் தொற்றும், மாத்திரையை அரைகுறையாகச் சாப்பிட்டால் அது மருந்துக்கு மசியாமல் போகும். புண்ணையும் கட்டியையும் பற்றி உன் டாக்டரிடம் உடனே சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

ஜூலை 2

வாண்டு,

மகள் பிறந்ததை மாப்பிள்ளை போனில் சொன்னார். என் மூக்கும் சுத்தமாம்! திங்கட்கிழமை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குமுன் ஞாயிறு வந்து அவளைத் தூக்கியே தீருவேன்.

பெரியம்மா

ஜூலை 5

அக்கா,

உள்ளே வராதே.

டாக்டர் எங்கள் எல்லாரையும் சோதித்துவிட்டார். மாமனார் புண்ணிலும் இவர் கட்டியிலும் மருந்துக்கு மசியாத கிருமிதான். என் மூக்கிலும். பாப்பா உடம்பிலும் இருக்கிறதாம். பயப்படாதே, நன்றாகப் பால் குடிக்கிறாள், டாக்டர் கவனித்துக்கொள்கிறார். மாமனார் டப்பாவைத் தன் கையாலேயே மருந்துக்கடையில் ஒப்படைத்துவிட்டு, "நல்லதுன்னுதாம்மா நெனச்சேன்" என்று அழுதுவிட்டார்.

இவளைத் தூக்கிய கையோடு நீ வார்டுக்குப் போவாய். அங்கே கையளவுக் குழந்தைகள். சாக்கு என்றேனே அக்கா, இதை எழுதும்போதுதான் தெரிகிறது, உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று.

ஞாயிறு கட்டாயம் வா. சட்டையை வாசல் கேட்டில் மாட்டிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நில். அதைப் போட்டுவிட்டுத்தான் இவளைக் காட்டுவேன்.

உன் வாண்டு