செவர்லேக்குப் பக்கத்தில் யார் நிற்பது

அன்புள்ள அப்பாவுக்கு,

டார்லா எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். அலாஸ்காவில் இன்னும் பனி இளகவில்லை. நம் ஒஹாயோவில் வசந்தம் வந்து, பழைய கார் கண்காட்சிகள் தொடங்கப்போகிற நினைப்பிலேயே குளிர்காலத்தை ஓட்டிவிட்டேன்.

நேற்று நான் வேலை செய்யும் சுரங்கத்துச் சமையலறையில் ஒரு வேடிக்கை. நம் பழைய செவர்லே காரின் படத்தைப் பார்த்த மேற்பார்வையாளர் க்ளென், "யாரும்மா இதுக்கு பெயிண்ட் அடிச்சது? பளபளன்னு இருக்கே!" என்றார். "நான்தான்" என்றேன். "சும்மா அளக்காத. உங்கப்பாவா, அண்ணனா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

போன வாரம் போனில் நீங்களும் அதைத்தானே சொன்னீர்கள்? "கண்காட்சியில உங்கண்ணன் ராண்டி நிக்கட்டும்மா காருக்குப் பக்கத்துல. ஆம்பள நின்னாத்தான் நடுவருங்க மதிப்பாங்க." மூன்று குளிர்காலம் உங்களோடு கொட்டகையில் துரு சுரண்டியவள் நான். அண்ணன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

என் பழைய கம்பளிக் கையுறைகளை அனுப்புங்கள். அம்மாவின் ஆப்பிள் ஜாம் இருந்தால் அதையும்.

கண்காட்சிக்கு வருவதற்காக மே மாதத்துக்கு வாங்கிய விடுப்பை இன்று காலை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கண்காட்சியன்று கார் கிளம்பாமல் அடம்பிடித்தால், எனக்குப் போன் செய்யவேண்டாமென்று அண்ணனிடம் சொல்லிவையுங்கள்.

தபால் வண்டி வந்துவிட்டது.

டார்லா