நடந்து போனவர்களுக்கு ஒரு கட்டம்

இன்று காலை பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் துரு வாசம் போகவில்லை. அந்தக் கையால் சாமி விளக்கைத் தொட மனம் வராமல், அடுப்படித் தரையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன், தங்கச்சி. உன் கையிலும் எப்போதும் இந்த வாசம்தான் இருக்கும்.

நீ தெற்கேயிருந்து வந்து எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த காலம். ஆற்றுக்கு அக்கரையில் உன் பனியன் கம்பெனி. தைத்து வந்த துணியில் ஓட்டை இருக்கிறதா, நூல் பிசிர் இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலை. காலை எட்டேகாலுக்குப் பாலத்தில் ஏறியதும் சோறு கொண்டுபோகிற தூக்குப்போசியால் கம்பியை ஒரு தட்டுத் தட்டுவாய். அந்தச் சத்தம் இரும்புச் சட்டமெல்லாம் ஓடி எங்கள் வீட்டுப் பூசை அறைக்கு வரும். போகும்போது ஒன்று, சாயங்காலம் திரும்பியதும் இரண்டு. முருகனுக்கு மணி ஆட்டிக்கொண்டிருப்பவள், என்னையறியாமல் கையை நிறுத்திக் கேட்பேன்.

"நீங்க மணிய ஆட்டுதீய, நான் போசிய ஆட்டுதேன். எந்தச் சாமிக்கு முதல்ல கேக்குதுன்னு பாப்போம்க்கா" என்பாய்.

பாலத்திலிருந்து ஆற்றை எட்டிப் பார்த்து, சாயப்பட்டறைகள் விட்ட தண்ணீரின் நிறத்தை வைத்தே ஊர் நிலவரம் சொல்வாய். "இன்னைக்கு எவனுக்கோ செவப்பு ஆர்டர் வந்திருக்கு. நாளைக்கி பாருங்க, ஊதாவா ஓடும்." நான் சிரித்தால், "சிரிக்காதீய, மீன் செத்துப் போச்சு" என்று உடனே முகம் மாறிவிடுவாய்.

வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட பாலம். குமிழ் குமிழாக ஆணி அறைந்த முக்கோணச் சட்டங்கள், நடுவே அதிர்கிற பலகைகள். ஆற்றில் வெகுதூரம் கீழே, டவுன் பக்கம் பெரிய சிமென்ட் பாலம் வந்த பிறகு, இதைச் செப்பனிடுவதா, அடைத்துவிடுவதா என்று அதிகாரிகள் யோசித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தார். பாலத்துக்கு நேர் எதிரே எங்கள் வீடு என்பதாலும், மாதர் சங்க நோட்டில் என் கையெழுத்தைப் பார்த்திருந்ததாலும், மூன்று நாளைக்கு யார் யார் போகிறார்கள் என்று எண்ணித் தரும்படி ஒரு தாளைக் கொடுத்தார். லாரி, கார், டூவீலர், சைக்கிள், மாட்டுவண்டி என்று கட்டம் போட்டிருந்தது.

பள்ளிக்கூடம் போகாதவள் நான். பிள்ளைகளின் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். அரசாங்கத் தாளில் எழுதச் சொல்லி என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. குளித்து, விபூதி பூசி, ஸ்கேல் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் எட்டேகாலுக்கு உன் தட்டுக் கேட்டது. உன்னோடு பத்துப் பதினைந்து பேர் பேசிக்கொண்டே போனீர்கள். பேனாவை வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தேன். உங்களை எழுத இடமில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, நடந்து போறவீங்களுக்குக் கட்டமே இல்லீங்களே?"

"கேட்டத மட்டும் எழுது. ஓரத்துல கிறுக்கி வெச்சயின்னா தாளு வீணாப் போயிரும்" என்றார்.

அவர்மேல் பழி போட மாட்டேன். தாளின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளையாகத்தான் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லாமல் அந்தத் தாள் அழகாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மனசு கேட்காமல் உங்களை மட்டும் என் சொந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணிவைத்தேன். அதை அதிகாரியிடம் கொடுக்கவில்லை. "அச்சடிச்ச மாதிரி இருக்குதும்மா" என்று அவர் பாராட்டினார். அன்று சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலத்தை அதிகம் பேர் பயன்படுத்தவில்லை என்று அறிவிப்பு ஒட்டி, இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். சுவரைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாய்.

"எவன்க்கா எண்ணுனது? அவனுக்குக் கண்ணு பொடதியிலயா இருந்துச்சு? நாங்கல்லாம் என்ன, காத்தா?"

காப்பி போடுகிறேன் என்று சொல்லி அடுப்படிக்குள் போய்விட்டேன்.

"ஏன்க்கா ஒண்ணும் பேச மாட்டேங்கீய?" என்றாய் பின்னாலிருந்து. "சர்க்கர போதுமா கண்ணு?" என்று கேட்டேன். உனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா?

சுற்றுவழியில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தாய். பாதி நாள் தாமதம். இரண்டே மாதத்தில் அக்கரைக்கே வீட்டை மாற்றிக்கொண்டு போனாய். போகிற அன்று சுவரில் போசியைத் தட்டிக் காட்டி, "சத்தமே வரல பாத்தீயளா" என்று சிரித்தாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்ற செய்தியும், நீ போய்விட்டாய் என்ற செய்தியும் ஒரே நாளில் வந்தன. அக்கரை மாதா கோயிலில் உனக்காக அடித்த மணி என் வாசலுக்கே கேட்டது. பாலம் திறந்திருந்தால் பத்து நிமிஷ நடை. பஸ் ஏறி, டவுனில் நெரிசலில் நின்று, நான் வந்து சேர்ந்தபோது மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் யாரோ சுவரை ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடித்துவிட்டார்கள். பலகை பெயர்ந்த இடத்தில் கம்பியைப் பிடித்தபடி மறுபடி நடக்கிறார்கள். வடக்கேயிருந்து வந்த பையன்கள் இந்தி பேசிக்கொண்டு வரிசையாகப் போகிறார்கள். சுவரில் விழுந்த இந்தச் சந்து உனக்கு வாய்க்கவில்லை.

போன வாரம் பாலத்தை ஏலம் விடுவது பற்றிப் பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம். "பழைய இரும்புக்கு இப்ப நல்ல வெலைங்க, அறுத்துக் குடுத்தர்லாம்" என்றார் ஒருவர். இன்ஜினீயர் பழைய அறிக்கையை எடுத்து, ஆள் நடமாட்டமே இல்லை என்று படித்தார். நான் எழுந்து நின்றேன்.

"அந்தக் கணக்கு நான் எழுதுனதுங்க. தப்புங்க சார். நடந்து போனவீங்கள நான் எழுதவே இல்லீங்க."

என் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து நீட்டினேன். இத்தனை பேர் நடுவில் சொல்ல முடிந்ததை, அடுப்படியில் உன் ஒருத்தியிடம் சொல்ல முடியவில்லையே.

அவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது செல்லாதுங்கம்மா, பழசு. புதுசா எண்ணிக் குடுங்க, மேல அனுப்பிப் பாக்கறேன். என்ன முடிவு வரும்னு சொல்ல முடியாதுங்க."

மூன்று நாள் எண்ணினேன். இந்தத் தடவை முதல் கட்டத்தையே நடப்பவர்களுக்குப் போட்டேன். உன் பெயரில் ஒரு கோடு சேர்க்கக் கை துடித்தது. இல்லாதவளை எழுதினால் அதுவும் பொய்க்கணக்கு. இருந்தவளை விட்டவள் நான். தாளில் நீ இல்லை. கிழித்த பழைய பக்கத்தில் இருக்கிறாய், அது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

நேற்றே தாளைக் கொடுத்தாயிற்று. இன்று காலை போசியை எடுத்துக்கொண்டு சந்து வழியாகப் பாலத்தில் ஏறினேன். எட்டேகாலுக்கு ஒரு தட்டுத் தட்டினேன். சட்டமெல்லாம் ஓடி அக்கரை வரைக்கும் போனது.

நீ திரும்பி வந்ததும் தட்டுகிற அந்த இரண்டு தட்டைத் தட்ட இன்னும் கை எழவில்லை. சாயங்காலமானால் இன்றும் அதற்குத்தான் காது வைத்துக்கொண்டிருக்கிறேன்.