சாட்சியில் வராத பெயர்

9.11.91, சனி
காலையிலிருந்து தூறல். முதல் ஷிப்ட். கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்கு இரண்டே பேர். ஒருவனுக்கு விரல் நசுங்கல், ஒருவனுக்குக் கண்ணில் இரும்புத் தூள்.

மாலை சைக்கிளில் வல்லம் போனேன். சபையில் பழக்கமான சாலமோன் அண்ணனுக்குக் காலில் சர்க்கரைப் புண். ஒன்றரை மாதமாக நான்தான் தினமும் போய்க் கட்டு மாற்றுகிறேன். அண்ணிக்குப் புண்ணைப் பார்த்தாலே மயக்கம், அவருக்குக் கண் மங்கல். ஓரத்தில் புதுச் சதை தெரிகிறது.

நாளை சபையில் எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சி சொல்லப் போகிறாராம். என்ன சொல்வார் என்று கேட்க ஆசை. கேட்கவில்லை.

வாங்க: பஞ்சு, பிளாஸ்திரி, பாப்பாவுக்கு பல்பக் குச்சி.

10, ஞாயிறு
மழை இல்லை. அண்ணனைக் கேரியரில் உட்காரவைத்து சபைக்கு மிதித்தேன். சேற்றில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளல்.

அவர் சாட்சிக்கு எழுந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். என் பெயரைச் சொன்னதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அடக்கமாகத் தெரிய வேண்டுமே. எழுதவே கை கூசுகிறது.

"ஒரு மனுசனும் என்ன எட்டிப் பாக்கல. கர்த்தரே வந்து என் கால்ல கட்டு கட்னாரு" என்றார்.

சபை முழுக்க அல்லேலூயா. நானும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. அதே கேரியரில் திரும்பக் கொண்டுபோய் விட்டேன்.

11, திங்கள்
வல்லம் போகவில்லை. தலைவலி என்றேன். ஸ்டெல்லாவுக்குத் தெரியாதா? கட்டின மனைவி. பெயர் சொல்லாததற்கா இந்த மூஞ்சி என்று சிரித்தாள். எரிச்சல்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு, யாரும் பார்க்காவிட்டாலும் நன்மை செய்யுங்கள் என்று பாடம் எடுப்பவன் நான். ஜெபிக்க முழங்கால் போட்டேன், சண்டைதான் வந்தது. ஆண்டவரே, மிதிப்பது நான், பெயர் உமக்கா?

12, செவ்வாய்
மேகமூட்டம். இன்றும் போகவில்லை.

புண் ஆறினால் சந்தோஷம்தான். என்னால் ஆறியது என்று நாலு பேர் சொன்னால் இன்னும் சந்தோஷம். இதில் எதற்காக இத்தனை நாள் போனேன்? யோசித்து யோசித்து மண்டை காய்கிறது.

13, புதன்
வெயில். போனேன். கட்டு நனைந்து ஒரே நாற்றம். புதுச் சதை வந்த இடத்தில் சீழ். என் வீம்புக்கு அவர் காலா கிடைத்தது? பாவி நான். அவருக்குக் கோபமே இல்லை. உடம்பு சரியில்லையா தம்பி என்று என்னை விசாரிக்கிறார்.

கழுவும்போது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன், என் பெயரை ஏன் விட்டீர்கள் என்று. முழித்தார்.

"நீதான தம்பி மொத நாளே சொன்ன? யாருகிட்டயும் சொல்லாதீங்க, கர்த்தருக்குத் தெரிஞ்சா போதும்னு. அதான் வாயத் தொறக்காம கீறேன்."

சொன்னேன்தான். பெரிய பரிசுத்தவான் மாதிரி. மனிதர் அதை நம்பிவிட்டார்.

புதுப் பஞ்சை வைக்கும்போது, "வர்ற ஞாயித்துக்கெழம சொல்லட்டா தம்பி?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கட்டி முடித்தேன். கை கழுவினேன். அண்ணி கொடுத்த டீயைக் குடித்தேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லவில்லை.